பத்து ஐம்பதுக்கு நீ சொன்னது

ஐயா,

நீ ஈப்போவுக்குக் குடிபோய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷமும் நாம் இருவரும் போனில் பேசியதை ஒன்றுவிடாமல் எழுதினாலும் அரைப் பக்கம் தேறாது. “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்பா.” “அங்க மழையா?” “லேசா.” “இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்.” அவ்வளவுதான் நம் பேச்சு. மிச்சத்தை உன் அம்மா பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தே நீ நன்றாக இருக்கிறாயா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். முப்பத்தொரு வருஷம் சைட்டில் தொண்டை கிழியக் கத்தி வேலை வாங்கியவனுக்குப் பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பத்தான் வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம். உன் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். பஸ் பிடித்து குயின் ஸ்திரீட்டுக்குப் போய், அங்கிருந்து லிட்டில் இந்தியாவில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு அவள் ஆயர் ஈத்தாமுக்குத் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

புதன்கிழமை மருமகள் எனக்கு போன் செய்தாள். உன் அம்மாவுக்கு இல்லை, எனக்கு. அதிலேயே விஷயம் சின்னது இல்லை என்று தெரிந்துவிட்டது. “மாமா, ஜொகூர்ல பெரிய கான்கிரீட் ரோடு வேலையாம். இவரையே ஹெட்டா போடுறோம்னு கம்பெனில சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். இவரு வேணாம்னுதான் சொல்லப் போறாரு. கேட்டா, எனக்குக் கான்கிரீட் கை வராதுன்னு சொல்லிட்டு டிவியப் பாக்குறாரு. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க லா, மாமா,” என்றாள். பேசுகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்தாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன். நேற்றும் கூப்பிட்டேன். பாலிக் புலாவில் இந்த வருஷம் டுரியான் எப்படிக் காய்த்திருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசினோம். எனக்கு டுரியானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நீயும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். நீ எப்போதுமே அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாய். அப்படிக் கேட்டுக்கொள்ள வைத்ததில் என் பங்கு என்ன என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

உனக்குக் கான்கிரீட் கை வராது என்று நீ சொல்வதை நான் ஒன்பது வருஷமாக வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டேன். சைட்டை விட்டு ஆபீசுக்குள் மாற்றல் கேட்டபோது, “எனக்கு வெயில் ஒத்துக்கலப்பா” என்றாய். ஈப்போவில் டெண்டர் பார்க்கிற வேலைக்குப் போனபோது, “டேபிள் வேலைதான் எனக்கு செட் ஆகுது” என்றாய். ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நீ மூன்று பேரைக் கேட்கிறாய் என்று மருமகள் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது. அந்தப் பயம் நீ பிறந்தபோது உன்னோடு வந்ததில்லை ஐயா. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பத்து ஐம்பதுக்கு, அதை உன் தலையில் நான்தான் ஏற்றினேன்.

நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு இதில் பயமே இருந்ததில்லை. என் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கான்கிரீட் போட்ட சாலை வந்தால் போதும், “டக்கு, டக்கு” என்று எண்ணத் தொடங்கிவிடுவாய். சாலையில் குறுக்கே வெட்டியிருக்கிற கோடுகளில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம் அது. “ஏம்பா நல்ல ரோட்டுல வெட்டி வச்சிருக்காங்க?” என்று கேட்டாய். அப்போது உனக்கு ஏழு வயதிருக்கும். கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது எங்கேயாவது கிழியும், நாம் முன்கூட்டியே கோடு கிழித்துவிட்டால் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒழுங்காகப் பிளந்துகொள்ளும், இல்லையென்றால் அது இஷ்டத்துக்குக் கோணல் மாணலாகப் பிளக்கும் என்று சொன்னேன். நீ, “அப்ப எப்படியும் பிளக்கும்” என்றாய். இத்தனை வருஷத்தில் எத்தனையோ இன்ஜினியர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொன்னவன் நீ ஒருத்தன்தான். அன்றைக்கே நான் உன்னை இன்ஜினியர் ஆக்கிவிட்டேன். நீ என்ன ஆக ஆசைப்பட்டாய் என்று கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

நீ படித்து முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே நானும் வேலை பார்த்தது யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை. நாங்கள் இருக்கிற இந்தத் தீவின் தெற்குப் பக்கம் ஒரு பஸ் டிப்போ. அதற்குள் போகிற சாலையைக் கான்கிரீட்டில் போட வேண்டும். நூறு பஸ் தினமும் அதே இடத்தில் பிரேக் போட்டு, எண்ணெய் ஒழுகி நின்றால் தார்ச்சாலை தாங்காது. வேலையை எடுத்த பெரிய கம்பெனிக்கு நீ இன்ஜினியர், அவர்களிடம் தளம் போடுகிற வேலையை வாங்கிய சின்னக் கம்பெனிக்கு நான் சூப்பர்வைசர். “சைட்டுல என்னை அப்பான்னு கூப்பிடாதே, மத்தவங்க ஒரு மாதிரி பேசுவாங்க,” என்று முதல் நாள் காலையிலேயே சொல்லி வைத்தேன். நீ தலையாட்டிவிட்டு, பத்து நிமிஷத்தில் அந்தக் கோடியிலிருந்து, “அப்பா, தண்ணி லோரி வந்துருச்சா?” என்று கத்தினாய். அன்றிலிருந்து மேனேஜர் முதல் வங்கதேசத்துத் தொழிலாளிகள் வரைக்கும் எல்லாருக்கும் நான் அப்பாதான். கான்கிரீட் வெட்டுகிற மெஷினை ஓட்டிய பாங் மான் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் என்னை அப்பா என்றார். அந்த மூன்று மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை.

முதல் தளம் ஒரு வெள்ளிக்கிழமை. தைப்பூசம் கழிந்த சமயம், மழை இல்லாமல் மலைப் பக்கத்திலிருந்து வறண்ட காற்று அடிக்கிற காலம். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் கான்கிரீட் லோரியை இறக்கி, ஏழு மணிக்கு ஐம்பது மீட்டரையும் போட்டு முடித்துவிட வேண்டும், பதினொரு மணி வாக்கில் குறுக்கே பத்துக் கோடு வெட்டத் தொடங்கி, பன்னிரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று நீதான் தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தாய். பாங் மான் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக வேண்டுமே என்று அவருடைய நேரத்தையும் யோசித்து எழுதியிருந்தாய். இத்தனை வருஷத்தில் ஒரு இன்ஜினியரும் அதை யோசித்து எழுதி நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது உன் அம்மா நாள்காட்டியில் தாளைக் கிழித்தாள். கிழித்துப் பார்த்துவிட்டு, நீ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் காதில், “பத்தரையிலருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். அந்த நேரத்துல எதையும் புதுசா ஆரம்பிச்சிடாதீங்க. புள்ளைக்கு முதல் வேலை,” என்றாள். அவள் என்றைக்கும் சொல்கிறதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ராகு காலம் சொல்ல, நான் காதில் போட்டுக்கொள்ளாமல் போக, அது எங்கள் வீட்டில் கோப்பி குடிப்பது மாதிரி ஒரு வழக்கம். ராகு காலத்திலும் எமகண்டத்திலும் நான் போட்ட தளங்கள்மீதுதான் இந்தத் தீவில் பாதி லோரி ஓடுகிறது. சைட்டில் எவனாவது நல்ல நேரம் பார்த்தால் அவனை ஒரு வாரத்துக்குக் கேலி செய்து அழவைப்பேன். கான்கிரீட்டுக்குக் காலண்டர் படிக்கத் தெரியாது என்பது நான் அடிக்கடி அடிக்கிற ஜோக். அப்படிப்பட்டவன் அன்று அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டேன். எனக்கு என்றால் எதுவும் ஆகட்டும் என்று விட்டிருப்பேன். உனக்கு என்றதும் அப்படி விட முடியவில்லை.

பத்தேகாலுக்கே நான் தளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். பத்தரைக்கு முன்னால் மெஷினை வைத்து ஒரு அடி வெட்டிவிட்டால்கூடப் போதும், ஆரம்பித்தாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம், அப்புறம் ராகு காலம் நம்மை ஒன்றும் செய்யாது என்று ஒரு குறுக்கு வழி யோசித்தேன். ஆணியால் கீறிப் பார்த்தேன். உண்மையாகவே பச்சையாக இருந்தது, கீறலின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மணி பத்தரை ஆனது. வெயில் ஏறியது, காற்று விடாமல் அடித்தது. பத்தே முக்காலுக்கு பாங் மான் குனிந்து தளத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, பொலே போத்தோங் டா,” என்றார். வெட்டலாம் என்று அர்த்தம். நான் கேட்காதது மாதிரி கோணிச் சாக்குகளை நனைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ வந்தாய். பாக்கெட்டிலிருந்து நான்கு அங்குல ஆணியை எடுத்தாய், மூன்று இடத்தில் கீறினாய், விரலால் தடவினாய், வாட்ச்சைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிச்சயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் பார்க்கவில்லை.

“பத்து அம்பதுப்பா. ரெடியாயிருச்சு. வெட்டலாம்,” என்றாய்.

“இன்னும் பச்சையா இருக்குய்யா. இப்ப வெட்டுனா ஓரமெல்லாம் உதிர்ந்துரும்,” என்றேன்.

நீ மறுபடியும் குனிந்து கீறினாய். “உதிரலியேப்பா.”

“உனக்குத் தெரியாது. பன்னெண்டு ஆகட்டும்.”

நீ என்னைப் பார்த்தாய், தளத்தைப் பார்த்தாய், கையிலிருந்த ஆணியைப் பார்த்தாய். “சரிப்பா. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு ஆணியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனாய். உதிரவில்லை ஐயா. நீ கீறிய மூன்று கோடும் கத்தியால் கிழித்தது போல் சுத்தமாக இருந்தன. நீ போன பிறகு நான் குனிந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி வரைக்கும் நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தேன், குழாயை எடுத்து நானே தண்ணீர் அடித்தேன். ஈரமாக வைத்திருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலில் சூடேறிக் கிடக்கிற தளத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது இன்னும் வேகமாகச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? பத்து வருஷமாகப் பையன்களை அதற்காகத் திட்டியவன் நான். பாங் மான் இரண்டு தடவை வந்து வாட்ச்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு அடித்ததும் மெஷினை இறக்கச் சொன்னேன். அவர் நாற்பது நிமிஷத்தில் நாலு கோடு வெட்டினார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பினார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவருக்குக் கொடுத்திருந்த நேரத்தை நான்தான் தின்றுவிட்டேன்.

மிச்சம் ஆறு கோடு. மெஷினை நானே பிடித்தேன். ஐந்தாவது கோடு ஒழுங்காக வந்தது. ஆறாவதில் பாதி தூரம் போயிருப்பேன், பிளேடுக்கு ஒரு முழம் முன்னால் தளத்தில் மயிரிழை போல் ஒன்று ஓடியது. நான் சாக்பீஸில் போட்டிருந்த கோட்டை விட்டு விலகி, வலது பக்கமாக வளைந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் வரைக்கும் போய்விட்டது. மெஷினை நிறுத்தினேன். விரிசல் பிளேடை முந்திக்கொண்டு ஓடிவிட்டால் அதற்கு மேல் வெட்டுவதில் அர்த்தம் இல்லை. சத்தம் அடங்கியதும் தலையை நிமிர்த்திப் பார்த்தால், அதற்கு அந்தப் பக்கம் கோட்டுக்குக் கோடு ஒரு தளம் என்று பிரித்ததில், ஏற்கனவே இன்னும் இரண்டு தளத்தில் விரிசல் குறுக்காக ஓடியிருந்தது. அந்த வெயிலில் மெஷின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. ஓடிவிட்ட விரிசலைத் திருப்பிக் கூப்பிட இன்றுவரைக்கும் எவனும் மெஷின் கண்டுபிடிக்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை, பை நிறைய நாசிச் சோற்றுப் பொட்டலம். முதல் தளம் போட்டதற்கு எல்லாருக்கும் உன் செலவில் சாப்பாடு. தூரத்திலேயே சிரித்துக்கொண்டு வந்தாய். பக்கத்தில் வந்து தளத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. பைகளைக் கீழே வைக்கக்கூட உனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கன்டெய்னர் ஆபீசில் விசாரணை. மேனேஜர் சத்தம் போடவில்லை. “வெட்டுகிற நேரத்தை முடிவு செய்தது யார்?” என்று மட்டும் கேட்டார். நான் கதவுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “நான்தான் சார். காற்றையும் சூட்டையும் சரியாகக் கணிக்கவில்லை,” என்று இங்கிலீஷில் சொன்னாய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. வேலை போய்விடும் என்று பயந்தேனா என்றால் இல்லை. எனக்கு வெட்கம் ஐயா. அத்தனை பேர் முன்னால், எல்லாரையும் கேலி செய்த இந்த அப்பா, ராகு காலம் பார்த்துக்கொண்டு தளத்தை வெட்டாமல் வைத்திருந்தான் என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை விட்டுக்கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னால் நடந்தது அதுதான். மூன்று தளத்தையும் உடைத்து எடுத்துவிட்டு மறுபடியும் போட்டோம். மற்றதில் மூலையில் ஓடியிருந்த ஒன்றை மட்டும் பசை ஊற்றி அடைத்தோம்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நீயும் நானும் மட்டும் இருந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய். “அப்பா, என் கண்ணுக்கு ரெடின்னு பட்டுச்சு. நீங்க பச்சையா இருக்குன்னீங்க. நீங்க சொன்னது கரெக்ட்னா, பன்னெண்டு மணிக்கு வெட்டுனதும் கரெக்ட்தானே? அப்புறம் ஏன்பா பிளந்துச்சு? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்குப் புரியவே இல்ல.” நீ கேட்டது எவ்வளவு சரியான கேள்வி. உனக்கு நான் கொடுத்த பதில், “கான்கிரீட் அப்படித்தான்யா. என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.”

முதல் பொய்யால் மூன்று தளம் போயிற்று. இந்த இரண்டாவது பொய்யால் நீ போனாய். கான்கிரீட் என்ன செய்யும் என்று சொல்ல முடியும் ஐயா. வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டது என்று தெரிந்தால் எப்போது வெட்ட வேண்டும் என்று சொல்ல முடியும். நீ தாளில் எழுதிச் சொல்லியிருந்தாய், ஆணியால் கீறியும் சொன்னாய். உன் கண் பார்த்தது உண்மை, உன் விரல் தொட்டது உண்மை. நான் உன் கண்ணையும் விரலையும் நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சோற்றைச் சாப்பிட்டு எழுந்து கை கழுவினேன்.

இப்படிச் செய்வது எனக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலிக் புலாவ் வளைவுகளில் நான் உனக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? எதிரில் பஸ் வந்தது. நீ பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தாய். நான் பயந்துபோய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன், கார் வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துப் புல்லில் நின்றது. “நான்தான் பிரேக் போட்டுக்கிட்டு இருந்தேனேப்பா,” என்றாய். நான் உன்னைத்தான் திட்டினேன். வீட்டுக்கு வரும்வரைக்கும் நானே ஓட்டினேன். உன்னைப் பற்றி எனக்கு இருந்த பயத்துக்குப் பாசம் என்று பேர் வைத்துக்கொண்டு, உன் கைமேல் என் கையை வைத்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பிள்ளை கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

உன் அம்மா இன்றைக்கும் அந்தத் தளம் கண் பட்டுத்தான் வெடித்தது என்று நம்புகிறாள். “புள்ள முதல் வேலை, எவன் கண்ணு பட்டுச்சோ,” என்று அப்போது உனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நான் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள். அவளை நீ கோபித்துக்கொள்ளாதே. அவள் முப்பது வருஷமாகச் சொன்னாள், நான் முப்பது வருஷமாகக் கேட்கவில்லை. கேட்கக்கூடாத ஒரு நாளில் கேட்டது என் தப்பு. பன்னிரண்டு மணிக்கு மேல் வெட்டலாம் என்று நான் சொன்னபோது உனக்கு ஏதாவது தட்டுப்பட்டதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பச்சையாக இருக்கிறது என்பவன் கான்கிரீட்டைத்தானே பார்க்க வேண்டும், கடிகாரத்தை ஏன் பார்த்தான்? ஒருவேளை உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கலாம். தெரிந்தும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் என் நிலைமை இன்னும் மோசம். இதை உன்னிடம் கேட்கவும் எனக்கு வழி தெரியவில்லை.

போன மாதம் அந்த டிப்போவுக்குப் போய்ப் பார்த்தேன். எதிரில் இருக்கிற கடையில் ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போட்ட மூன்று தளமும் மற்றதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது, தெரிந்தவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். பசை ஊற்றிய மூலை கறுத்துப் போயிருக்கிறது. பஸ்கள் பாட்டுக்குப் போகின்றன, வருகின்றன, ஒரு டிரைவருக்கும் அது தெரியாது. சாலை பிழைத்துக்கொண்டது. அதை உடைத்து மறுபடி போட முடிந்தது. அந்தக் காலையை உடைத்து மறுபடி போட என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு போன் செய்தேன். உனக்கு ஞாபகம் இருக்கலாம், அங்கே மழையா என்று கேட்டேன்.

ஜொகூர் வேலையை எடுத்துக்கொள் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் சொன்னால் நீ அதையும் “சரிப்பா” என்று கேட்டுக்கொள்வாயோ என்று பயமாகவும் இருக்கிறது. உனக்கு மேசை வேலைதான் உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்றால் அதையே செய். ஆனால் கை வராது என்ற காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லாதே. அந்தக் காரணம் பொய். அதைச் செய்து கொடுத்தவனே சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய். சாப்பிட்டியா என்று கேட்பதற்குக்கூட ஆள் இல்லாமல் போகலாம். அதற்கும் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இரவு பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன், இந்தத் தாள்களை உன்னிடம் சேர்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை மிச்சம் இல்லை.

தபாலில் போடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது யோசித்தால், இன்று போட்டால் திங்கட்கிழமைக்குள் ஈப்போ போய்ச் சேருமா என்பது சந்தேகம். செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? ஆகையால் ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். எழுத்துத் தெளிவாக விழுமோ என்னவோ, கொஞ்சம் பொறுத்துப் படி. உன் அம்மா வர இன்னும் நேரம் இருக்கிறது. அவள் கிளம்புவதற்கு முன்னால் வழக்கம்போல் தாளைக் கிழித்துவிட்டு, “பத்தரைக்கு மேல எதையும் ஆரம்பிச்சிடாதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சுவர்க் கடிகாரத்தில் இப்போது மணி பத்து நாற்பத்தெட்டு.

பன்னிரண்டு ஆகட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்றைக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. ரெடியாகத்தான் இருந்தது ஐயா. வெட்டலாம்.

அப்பா